டிஎன்எஃப் ஆல்ஃபா: வயலை திறக்கறதுல இருந்து செல்லுல போடற வரைக்கும்

லேப்ல புதுசா சேர்ந்தவங்க யாராவது வந்து டிஎன்எஃப் ஆல்ஃபா போட்டேன், செல்லுல ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னா நான் முதல்ல செல்லைப் பத்தி கேக்க மாட்டேன். வயலை (புரோட்டீன் வர்ற சின்ன குப்பி) எப்படி திறந்தீங்க, எதுல கரைச்சீங்க, கரைச்சதை எந்த டியூப்ல எவ்ளோ நாள் வச்சிருந்தீங்கன்னுதான் கேப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கதான் இருக்கும். செல் நல்லாதான் இருக்கும், புரோட்டீனும் கம்பெனில இருந்து கிளம்பறப்ப நல்லாதான் இருந்திருக்கும், நடுவுல நம்ம கைல வந்த அந்த கொஞ்ச நேரத்துலதான் பாதி காணாம போயிருக்கும். அதனால அந்த கொஞ்ச நேரத்தை பத்திதான் இங்க நிறைய எழுதப் போறேன்.

முதல்ல இது என்ன பொருள்னு கொஞ்சம் தெரிஞ்சிக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். இது ஒரு சைட்டோகைன், அதாவது செல்லுக்கு செல் சேதி சொல்ற புரோட்டீன். 1975ல லாயிட் ஓல்டோட குழு எலிக்கு பிசிஜி குடுத்து அப்புறம் எண்டோடாக்சின் (பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்கற நச்சு) குடுத்து எடுத்த சீரத்துல கட்டியை அழுக வைக்கிற ஒரு பொருள் இருக்குன்னு கண்டுபிடிச்சு ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்னு பேர் வச்சாங்க, 1984ல மனுஷ ஜீனை க்ளோன் பண்ணிட்டாங்க. உடம்புக்குள்ள இது முதல்ல 233 அமினோ அமிலம் உள்ள, செல் சவ்வுல குத்திக்கிட்டு நிக்கிற 26 கிலோடால்டன் புரோட்டீனா இருக்கும், டேஸ்னு ஒரு என்சைம் அதை வெட்டினதும் 157 அமினோ அமிலம் உள்ள 17 கிலோடால்டன் துண்டு வெளிய வரும். நமக்கு வயல்ல வர்றது இந்த துண்டுதான், ஈ. கோலில செஞ்சது. வேலை செய்ய இதுக்கு சர்க்கரை சங்கிலி எதுவும் ஒட்டணும்னு இல்ல, அதனால பாக்டீரியால செஞ்சதே நல்லா வேலை செய்யும்.

இதுல நீங்க மறக்கவே கூடாதது ஒண்ணு உண்டு. இந்த 17 கிலோடால்டன் துண்டு தனியா வேலை செய்யாது, மூணு சேர்ந்து ஒரு டிரைமரா இருந்தாதான் செல் மேல இருக்கற ரிசெப்டரை பிடிக்கும். ரொம்ப நீர்த்த கரைசல்ல ரொம்ப நேரம் வச்சா அந்த மூணும் மெதுவா பிரிஞ்சு போகும், பிரிஞ்சா செயல் போச்சு. புரோட்டீன் அங்கதான் இருக்கும், அளந்து பாத்தா அளவு கூட காட்டலாம், ஆனா செல்லு திரும்பிக்கூட பாக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்ல மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு கேரியர் சேத்ததா சேக்காததா, அதாவது கூட பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கற அல்புமின் புரோட்டீன்) போட்டு வருதா இல்ல வெறும் புரோட்டீனான்னு. செல்லுல போடத்தான்னா பிஎஸ்ஏ இருக்கறது நல்லது, ஆனா நீங்க அதுல பயோட்டின் ஒட்டணும், ஃப்ளோரசென்ட் டை ஒட்டணும்னா கேரியர் இல்லாததுதான் வேணும், இல்லன்னா டை எல்லாம் பிஎஸ்ஏ மேலயே போய் ஒட்டிக்கும், ஏன்னா வயல்ல டிஎன்எஃபை விட பிஎஸ்ஏ பல மடங்கு அதிகமா இருக்கும். ரெண்டாவது எண்டோடாக்சின் அளவு, இதை பின்னாடி விவரமா சொல்றேன். மூணாவது செயல்திறன், அதை எந்த செல்லுல எப்படி அளந்தாங்கன்னு. ED50னு போடற அந்த பாதி விளைவு அளவை தமிழ்ல ஈடி50ன்னே சொல்லிக்கலாம், அது மில்லிக்கு எத்தனை நானோகிராம்னு குடுத்திருப்பாங்க. 10 லட்சத்தை அந்த எண்ணால வகுத்தா ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட்னு வந்துரும், உதாரணமா ஈடி50 மில்லிக்கு 0.05 நானோகிராம்னா மில்லிகிராமுக்கு 2 கோடி யூனிட். பழைய பேப்பர்ல எல்லாம் யூனிட்லதான் எழுதி இருப்பாங்க, அதை நானோகிராமுக்கு மாத்த இந்த கணக்கு கட்டாயம் வேணும்.

இப்ப வயல் கைக்கு வந்துருச்சு. திறக்காதீங்க. உள்ள இருக்கறது லயோஃபிலைஸ் பண்ண, அதாவது உறைய வச்சு உலர்த்தின பொடி, 10 மைக்ரோகிராம் வயல்னா கண்ணுக்கு எதுவுமே தெரியாம கூட இருக்கலாம், காலி வயல் அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு மெயில் போட்டவங்களை எனக்கு தெரியும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து மூடியை திறக்காம ரூம் வெப்பத்துக்கு வர விடுங்க, ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம், இல்லன்னா குளிர்ந்த வயல்ல காத்துல இருக்கற ஈரம் போய் படியும். அப்புறம் மைக்ரோசென்ட்ரிஃப்யூஜ்ல வச்சு அரை நிமிஷம் ஒரு நிமிஷம் ஒரு ஸ்பின் குடுங்க. பார்சல்ல குலுங்கி வந்ததுல பொடி மூடியோட அடிப்பக்கத்துல, கழுத்துல எல்லாம் ஒட்டி இருக்கும். நான் முதல் தடவை இந்த ஸ்பின்னை விட்டுட்டேன். திறந்தப்ப மூடி உள்பக்கம் ஓரமா மெல்லிசா வெள்ளையா ஒரு படலம் மாதிரி இருந்துது, ஏதோ தூசின்னு நினைச்சு கண்டுக்காம அடில மட்டும் பஃபர் ஊத்திட்டேன். அதுக்கப்புறம் மூணு வாரம் டோஸ் கர்வ் ஏறவே இல்ல, 100 நானோகிராம் போட்டாதான் மத்தவங்களுக்கு 5 நானோகிராம்ல வர்ற விளைவு வருது. புரோட்டீன்ல பெரும்பகுதி அந்த மூடியிலயே போயிருக்குன்னு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது.

எதுல கரைக்கணும்னு அந்த லாட்டோட (ஒரே தடவைல தயாரிச்ச தொகுதி) டேட்டாஷீட் என்ன சொல்லுதோ அதைத்தான் கேக்கணும், போன தடவை பண்ணது இந்த தடவைக்கு பொருந்தணும்னு இல்ல. சிலது ஏற்கனவே பிபிஎஸ்ல (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) இருந்து உலர்த்தினதா இருக்கும், அதுல தண்ணி ஊத்தினாலே பிபிஎஸ் ஆயிரும், மேல திரும்ப பிபிஎஸ் ஊத்தினா உப்பு ரெண்டு மடங்கு. சிலது உப்பே இல்லாம வரும், அதுக்கு பிபிஎஸ்தான் சரி. எதுவா இருந்தாலும் ஸ்டெரைலா இருக்கணும், எண்டோடாக்சின் இல்லாததா இருக்கணும். லேப்ல எல்லாரும் பிப்பெட் விட்டு எடுக்கற அந்த பொது பாட்டில் தண்ணி வேண்டவே வேண்டாம், ஆட்டோக்ளேவ் பண்ணா பாக்டீரியா சாகும், ஆனா அதோட எண்டோடாக்சின் அப்படியே இருக்கும்.

அளவு எவ்ளோன்னா மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்கு கீழ போகாதீங்க. 10 மைக்ரோகிராம் வயல்னா 100 மைக்ரோலிட்டர். பிப்பெட் நுனியை அடில குத்தாம சுவத்தோரமா மெதுவா விடுங்க, விட்டுட்டு வயலை சாய்ச்சு உருட்டி உள் சுவர் முழுக்க நனையற மாதிரி பண்ணுங்க, அப்புறம் பத்து இருபது நிமிஷம் சும்மா விட்ருங்க. வோர்டெக்ஸ் வேண்டாம். வேகமா பிப்பெட்ல ஏத்தி இறக்கி நுரை கிளப்பவும் வேண்டாம், நுரையோட பரப்புல புரோட்டீன் விரிஞ்சு கெட்டுப் போகும், நுரை வந்துருச்சுன்னா அந்த பகுதி போனதுதான்னு வச்சிக்கலாம். கரைச்சதுக்கு அப்புறம் ஃபில்டர் பண்ணலாமான்னு கேப்பாங்க. 100 மைக்ரோலிட்டரை ஃபில்டர்ல விட்டா பாதி ஃபில்டர்லயே தங்கிரும், புரோட்டீன் அந்த சவ்வுல ஒட்டறது வேற. அதனால முதல்லயே ஹூட்ல வச்சு ஸ்டெரைலா கரைங்க.

கேரியர் இல்லாத வயல்னா கரைச்ச உடனே 0.1 சதவீதம் பிஎஸ்ஏ இருக்கற மாதிரி பண்ணிருங்க, செல் கல்ச்சருக்கான குறைஞ்ச எண்டோடாக்சின் பிஎஸ்ஏவா பாத்து, ஏன்னா சாதா பிஎஸ்ஏல எண்டோடாக்சின் நிறையவே இருக்கலாம். இது ஏன் வேணும்னா பிளாஸ்டிக் சுவர் புரோட்டீனை இழுத்து ஒட்டிக்கும். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் இருக்கறப்ப சுவத்துல ஒட்டறது பெருசா தெரியாது, ஆனா மில்லிக்கு 10 நானோகிராம்னு நீர்த்து வச்சா மொத்த டியூப்லயும் இருக்கறதே சில நானோகிராம்தான், அது கிட்டத்தட்ட முழுசா சுவத்துக்கு போயிரலாம். பிஎஸ்ஏ நிறைய இருந்தா அது முந்திக்கிட்டு போய் சுவத்தை மூடிக்கும், நம்மது தப்பிக்கும். கூடவே லோ பைண்டிங் டியூப் இருந்தா அதையே எடுங்க.

அடுத்தது ஆலிகாட், அதாவது ஒரு தடவைக்கு வேணுங்கற அளவா சின்ன டியூப்கள்ல பிரிச்சு வைக்கறது. இதை அன்னிக்கே, கரைச்ச அந்த மணி நேரத்துலயே பண்ணிருங்க, நாளைக்குன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு போனா நாளைக்கு வேற வேலை வந்துரும். 10 மைக்ரோலிட்டரா பிரிச்சா ஒன்பதோ பத்தோ வரும், ஒவ்வொண்ணுலயும் 1 மைக்ரோகிராம், ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ஒண்ணு. உருக்கினதை திரும்ப உறைய வைக்கவே கூடாது. பிபிஎஸ் மெதுவா உறையறப்ப அதுல இருக்கற டைசோடியம் பாஸ்பேட் முதல்ல படிகமா பிரிஞ்சு மீதி கரைசலோட பிஹெச் நல்லா இறங்கும், ஒவ்வொரு தடவை உருக்கி உறைய வைக்கறப்பவும் புரோட்டீன் அந்த அமிலத்துக்குள்ள போய்ட்டு வருது. அதனால சின்ன சின்ன ஆலிகாட்டா ட்ரை ஐஸ்ல வச்சு சட்டுனு உறைய வச்சு மைனஸ் 80ல வைங்க. மைனஸ் 20தான் இருக்குன்னா பரவால்ல, ஆனா தானா பனி உருக்கிக்கற ஃப்ரீசர் வேண்டாம், அது அப்பப்ப தானே சூடாகி குளிரும், நீங்க தொடாமலே உள்ள இருக்கற ஆலிகாட் உருகி உருகி உறையும். டியூப் மேல பேர், செறிவு, லாட் நம்பர், தேதி நாலும் எழுதுங்க, அதுலயும் ஆல்கஹால் பட்டா அழியாத பேனால.

எக்ஸ்பெரிமென்ட் அன்னிக்கு ஒரு ஆலிகாட்டை ஐஸ்ல உருக்கி, ஒரு ஸ்பின் குடுத்து, அந்த 10 மைக்ரோலிட்டரை 0.1 சதவீதம் பிஎஸ்ஏ கலந்த மீடியா 990 மைக்ரோலிட்டர்ல போட்டா மில்லிக்கு 1 மைக்ரோகிராம். அதுல இருந்து 1 மில்லி மீடியா இருக்கற கிணத்துக்கு (பிளேட்ல செல் வளர்ற குழி) 10 மைக்ரோலிட்டர் விட்டா மில்லிக்கு 10 நானோகிராம். கணக்கு எளிசு, தப்பே வராது. மோலார்ல எழுதணும்னா ஒற்றை துண்டா பாத்தா அது சுமார் 0.58 நானோமோலார், டிரைமரா பாத்தா 0.19, பேப்பர்ல எதுன்னு சொல்லிருங்க. இந்த இடைநிலை கரைசல் அன்னிக்கு மட்டும்தான். மிச்சத்தை கொட்ட மனசு வராது, எனக்கும் வராது, ஆனாலும் கொட்டிருங்க. மேல சொன்ன டிரைமர் பிரியறதும் சுவத்துல ஒட்டறதும் இந்த நீர்த்த கரைசல்லதான் நடக்கும்.

எவ்ளோ டோஸ்னு கேட்டா பொதுவா 10 நானோகிராம்ல ஆரம்பிப்பாங்க, அது பல செல்லுக்கு ஏற்கனவே உச்சத்துக்கு பக்கம்தான். உங்க செல்லுக்கு புதுசா பண்றீங்கன்னா 0.01ல இருந்து 100 வரைக்கும் ஒரு கர்வ் போட்டுருங்க, ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாத்தி, இல்லன்னா மேல இருக்கற செறிவு டிப்போட வெளிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு கீழ்ப்படி வரைக்கும் வந்து கர்வை தட்டையாக்கிரும். ஒரு மருந்து இந்த விளைவை தடுக்குதான்னு பாக்க போறீங்கன்னா உச்ச டோஸ் எடுக்காதீங்க, பாதி விளைவு வர்ற இடத்துக்கு பக்கமா எடுங்க, உச்சத்துல சின்னதா தடுத்தா தெரியவே தெரியாது.

நேரம்தான் அடுத்த பெரிய விஷயம், என்ன அளக்கறீங்கன்றதை பொறுத்து நிமிஷமா மணி நேரமான்னு மாறும். புரோட்டீனை பேண்டா காட்டற வெஸ்டர்ன் பிளாட்ல ஐ கப்பா பி ஆல்ஃபா (ஜீன்களை தூண்டற என்எஃப் கப்பா பிங்கற புரோட்டீனை அடக்கி வைக்கறது) பாக்கறீங்கன்னா ஹீலா மாதிரி செல்லுல 0, 5, 15, 30, 60 நிமிஷம் வைங்க, 15ல பேண்ட் கிட்டத்தட்ட காணாம போகும், 60க்கு திரும்ப வர ஆரம்பிச்சுரும், ஏன்னா என்எஃப் கப்பா பி முதல்ல தூண்டற ஜீன்கள்ல அதுவும் ஒண்ணு, தன்னை அடக்கறவனை தானே செஞ்சிக்குது. ஒரே ஒரு மணி நேரத்துல மட்டும் லைசேட் எடுத்துட்டு சிக்னல் இல்லன்னு சொன்னவங்க உண்டு, சிக்னல் வந்து போயிருச்சு, இவங்க லேட்டா போயிருக்காங்க. என்எஃப் கப்பா பியோட ஒரு பகுதியான பி65 நியூக்ளியஸுக்குள்ள போறதை படம் எடுக்கணும்னா 30 நிமிஷம் நல்ல நேரம். ரத்தக் குழாயோட உள்பக்கத்து எண்டோதீலியல் செல்லுல, வெள்ளையணுவை ஒட்ட வைக்கிற புரோட்டீன்கள்ல ஈ செலெக்டின் 4ல இருந்து 6 மணி நேரத்துல உச்சம், அடுத்த நாள் இறங்கிரும், விகேம்1 ஐகேம்1 ரெண்டும் 24 மணி நேரத்துலயும் நல்லா இருக்கும்.

நிமிஷக் கணக்குல பண்ற எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு கவனம் வேணும். பழைய மீடியாவை எடுத்துட்டு சைட்டோகைன் கலந்த புது மீடியாவை ஊத்தாதீங்க. மீடியா மாத்தறதே செல்லுக்கு ஒரு அதிர்ச்சி, பி38, ஜேஎன்கே மாதிரி சிக்னல் புரோட்டீன் எல்லாம் அதுக்கே கிளம்பிரும், அப்புறம் எது டிஎன்எஃபால வந்தது எது நீங்க மீடியா மாத்தினதால வந்ததுன்னு பிரிக்க முடியாது. முந்தின நாளே மீடியா மாத்தி வச்சிருங்க, அன்னிக்கு 37 டிகிரில இருக்கற கொஞ்சம் மீடியால கலந்து சின்ன அளவா ஓரத்துல விட்டு பிளேட்டை மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. கன்ட்ரோல் கிணத்துக்கும் அதே அளவு, அதே பிஎஸ்ஏ இருக்கற மீடியா, டிஎன்எஃப் மட்டும் இல்லாம. வெறும் தொடாத கிணறு கன்ட்ரோல் ஆகாது.

இப்ப எண்டோடாக்சின். ஈ. கோலில செஞ்ச புரோட்டீன்னா அதோட எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், கொஞ்சமாவது கூட வரும், சுத்தம் பண்ணி குறைச்சிருப்பாங்க, ஆனா பூஜ்யம் கிடையாது. எல்பிஎஸ்ஸும் என்எஃப் கப்பா பியைத்தான் தூண்டும், அதுவும் டிஎன்எஃபை சுரக்க வைக்கும், அதனால மோனோசைட், மேக்ரோஃபேஜ்ல வேலை பண்றவங்களுக்கு இதான் பெரிய குழி. கணக்கு போட்டு பாருங்க. டேட்டாஷீட்ல மைக்ரோகிராமுக்கு 1 இயூவுக்கு (எண்டோடாக்சின் யூனிட்) கீழன்னு இருந்தா, 1 இயூ சுமார் 100 பிகோகிராம் எல்பிஎஸ்னு வச்சிக்கிட்டா, மில்லிக்கு 10 நானோகிராம் டிஎன்எஃப் போடறப்ப கூட போறது அதிகபட்சம் 1 பிகோகிராம், பயம் இல்ல. அதையே 100 நானோகிராம் போட்டா 10 பிகோகிராம், மோனோசைட் அதை உணர ஆரம்பிக்கற இடம் அது. சந்தேகம் வந்தா புரோட்டீனை 100 டிகிரில அரை மணி நேரம் கொதிக்க வச்சு அதே டோஸ் போட்டு பாருங்க, டிஎன்எஃப் செத்துரும், எல்பிஎஸ் சூட்டுக்கு அசையாது. கொதிக்க வச்சதும் விளைவு போயிருச்சுன்னா அது டிஎன்எஃபோடது. விளைவு அப்படியே இருந்துதுன்னா நீங்க இவ்ளோ நாள் அளந்தது எல்பிஎஸ். இன்னொரு கிணத்துல டிஎன்எஃபை பிடிச்சு நிறுத்தற ஆன்டிபாடியோட சேத்து போடுங்க, இன்னொண்ணுல எல்பிஎஸ்ஸை பிடிச்சு முடக்கற பாலிமிக்சின் பி, இந்த மூணும் சேந்து ஒரே பதிலை சொன்னா ரிவ்யூவர் கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.

எலி செல்லுல மனுஷ டிஎன்எஃப் போடலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க. மனுஷ டிஎன்எஃப் எலியோட ரிசெப்டர் 1ஐ பிடிக்கும், ரிசெப்டர் 2ஐ சரியா பிடிக்காது. அதனால சிக்னல் வரும், ஆனா பாதி படம்தான். ரிசெப்டர் 2 முக்கியமான டி செல் மாதிரி வேலைக்கு எலி டிஎன்எஃபே வாங்கிருங்க. விலையை பாத்து இருக்கறதை வச்சு ஓட்டாதீங்க, பின்னாடி முழுசா திரும்ப பண்ண வேண்டி வரும்.

கைல இருக்கற லாட் உயிரோட இருக்கான்னு பாக்க எல்929 எலி ஃபைப்ரோபிளாஸ்ட்தான் பழைய நம்பகமான வழி. 96 கிணறு பிளேட்ல முந்தின நாள் செல் போட்டு, மறுநாள் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் ஆக்டினோமைசின் டி கூட டிஎன்எஃபை படிப்படியா நீர்த்து போட்டு, 20 மணி நேரம் கழிச்சு எம்டிடியோ கிரிஸ்டல் வயலட்டோ போட்டு எவ்ளோ செல் மிஞ்சி இருக்குன்னு பாருங்க. ஆக்டினோமைசின் எதுக்குன்னா, டிஎன்எஃப் சாகவும் சொல்லும், என்எஃப் கப்பா பி வழியா பிழைக்கற ஜீன்களையும் தூண்டும். அந்த ஜீன்களை ஆக்டினோமைசின் தடுத்துட்டா சாவு மட்டும் மிஞ்சும், கர்வ் அழகா வரும். அது ரொம்ப விஷம், பொடியா இருக்கறப்ப ஹூட்லதான், கழிவும் தனியா. டிஎன்எஃபுமே சும்மா ஒரு புரோட்டீன்னு நினைக்காதீங்க, ரத்தத்துல ஏறினா ரத்த அழுத்தத்தை கவுத்து ஷாக் வரைக்கும் கொண்டு போற பொருள், அதனாலதான் மருந்தா குடுக்கறப்ப கூட கை காலை ரத்த ஓட்டத்துல இருந்து பிரிச்சு அங்க மட்டும் குடுக்கறாங்க. க்ளவுஸ், கண்ணாடி, ஊசி கிட்ட கவனம். இது ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷ உடம்புக்குள்ள எந்த காரணத்துக்கும் போகக் கூடாது.

புது லாட் வந்தா பழைய லாட்டோட ரெண்டு ஆலிகாட் மிச்சம் இருக்கறப்பவே, ரெண்டையும் ஒரே பிளேட்ல ஒரே நாள்ல பக்கத்து பக்கத்துல ஓட்டி ஈடி50 எவ்ளோ நகருதுன்னு பாத்து நோட்டுல லாட் நம்பரோட எழுதி வைங்க. பழையது முழுசா தீந்ததுக்கு அப்புறம் புதுசை திறந்தா ஒப்பிட்டு பாக்க எதுவும் இருக்காது, அதனால கடைசி மூணு ஆலிகாட் இருக்கறப்பவே ஆர்டர் போட்டுருங்க.